பிள்ளையின் கோபத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

(திருப்பாலைவனம் – பழவேற்காடு ஏரிக்கரைப் பெற்றோருக்கான உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பேச்சு முதலில் ஏரிக்கரைக் குப்பங்களில் பிள்ளை வளர்க்கும் அம்மா அப்பாக்களுக்காக. ஆனால் நீங்கள் வேறு ஊரில் இருந்துகொண்டு கைபேசியில் இதை வாசித்தாலும், உங்கள் வீட்டில் 10 வயதுக்கும் 19 வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளை இருந்தால், இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நான் மனநல ஆலோசகராக வேலை பார்ப்பவள். பேச்சைத் தொடங்கும் முன் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குடும்பம் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா என்னிடம் வந்தார். மீன் கூடை தூக்கும் வேலை. "மேடம், எம் பையன் முன்ன மாதிரி இல்ல. சோத்துத் தட்டைத் தூக்கி அடிக்கிறான். தங்கச்சியை அறையுறான். ஒரு சொல்லு சொன்னா வீடே ரெண்டாவுது" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "என்ன வயசு?" "பதினாறு." உடனே நான் சொன்னேன்: "வயசுக் கோளாறும்மா. கொஞ்சம் பொறுமையா இருங்க, சரியாயிடும்."

நாலு மாதம் கழித்து அவரே பையனையும் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் போட்டிருந்த சட்டை தொளதொளவென்று இருந்தது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தும் வியர்த்துக் கொட்டியது. கையை நீட்டச் சொன்னேன், விரல்கள் நடுங்கின. கழுத்தின் முன்பக்கம் லேசான வீக்கம். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பது தெரிந்தது. மாத்திரை தொடங்கி, சில மாதங்களில் படிப்படியாக அமைதியானான். ஆனால் அதற்குள் அப்பா அவனை பெல்ட்டால் அடித்திருந்தார். பள்ளிக்கூடம் போவதையும் அவன் நிறுத்தியிருந்தான்.

அந்த நாலு மாதத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால்தான் இன்றைக்கு உங்களிடம் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்க வந்திருக்கிறேன். பிள்ளை கத்தும்போது "கொழுப்பு", "வயசு", "காத்து கருப்பு" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், காரணத்தைத் தேடுங்கள்.

இது உங்களுக்குப் புதிய வேலை இல்லை. வலை காலியாக வந்தால் நீங்கள் ஏரியைத் திட்டிக்கொண்டு உட்காருவதில்லை. முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கா, தண்ணியில உப்பு ஏறிடுச்சா, காத்து எந்தப் பக்கம் என்று பார்ப்பீர்கள். காரணம் தெரிந்தால்தான் அடுத்த நாள் எங்கே போவது என்று தெரியும். பிள்ளையின் கோபத்தையும் அந்தக் கண்ணாலேயே பாருங்கள்.

எது இயல்பு?

வளரிளம் பருவத்தில் கொஞ்சம் கோபம் வரத்தான் செய்யும். மூளையில் உணர்ச்சியைக் கிளப்பும் பகுதி சீக்கிரம் வேகமெடுத்துவிடுகிறது. "கொஞ்சம் நில்லு, யோசி" என்று பிடித்து நிறுத்தும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகும். இன்ஜின் பெரிதாகி, சுக்கான் இன்னும் சரியாகப் பிடிபடாத படகு மாதிரி.

கதவைச் சாத்துவது, எதிர்த்துப் பேசுவது, "என்னைத் தனியா விடு" என்பது, ஒரு மணி நேரத்தில் மறந்துபோய்ச் சிரிப்பது, இதெல்லாம் பெரும்பாலும் இயல்பு. பிள்ளைக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், சாப்பிடுகிறான், தூங்குகிறான், பள்ளிக்குப் போகிறான் என்றால் பயப்பட வேண்டாம்.

எப்போது கவனிக்க வேண்டும்? முன்பு இப்படி இல்லாத பிள்ளை திடீரென்று மாறினால். வாரத்தில் பல நாள் வெடிப்பு வந்தால். சின்ன விஷயத்துக்கும் பெரிய சண்டை என்றால். வெடிப்பு அடங்கிய பிறகும் முகம் கடுகடுவென்றே இருந்தால். வீடு, பள்ளி, நண்பர் வட்டம் என்று எல்லா இடத்திலும் தகராறு என்றால். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது. இதில் உங்கள் வளர்ப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் உடம்பைப் பாருங்கள்

ரத்தசோகை: நம்மிடம் மிகச் சாதாரணமாக இருப்பது இதுதான். 2019–21-இல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 19 வயது வரை உள்ள பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கும், அதே வயது ஆண்களில் 31.1 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து குறைந்தால் சோர்வு வரும், படிப்பு மண்டையில் ஏறாது, எரிச்சல் கூடும். சில பிள்ளைகளுக்கு இரவில் கால் குறுகுறுவென்று இருந்து தூக்கம் கெடும். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாக உள்ள பெண் பிள்ளையை அவசியம் பரிசோதியுங்கள். பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழேயும், 15 வயதான ஆண் பிள்ளைக்கு 13 கிராமுக்குக் கீழேயும் இருந்தால் அது ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் நீல நிற மாத்திரை இதற்குத்தான். "வயித்தைப் புரட்டுது" என்று பல பிள்ளைகள் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள். கூட டீ குடிக்கக் கூடாது. நெல்லிக்காய், எலுமிச்சை நல்லது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

தைராய்டு: அதிகம் சுரந்தால் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், எடை குறைதல், எரிச்சல். குறைவாகச் சுரந்தால் சோம்பல், எடை கூடுதல், மலச்சிக்கல், மனச்சோர்வு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சர்க்கரை: சர்க்கரை நோய் பிள்ளைகளுக்கும் வரும். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துப் போவது, இவற்றோடு எரிச்சல் இருந்தால் அன்றே பரிசோதியுங்கள். வாந்தியோ பெருமூச்சோ சேர்ந்தால் அவசரம். ஏற்கெனவே இன்சுலின் போடும் பிள்ளை திடீரென்று கத்தினால், சர்க்கரை கீழே இறங்கியிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள்: சில பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு வருவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு அழுகையும் கோபமும் கூடி, வந்த பிறகு குறையும். காலண்டரில் இரண்டு மூன்று மாதம் குறித்து வந்தால் இது பளிச்சென்று தெரியும். சிகிச்சையும் உண்டு.

வலிப்பும் தலைக்காயமும்: எல்லா வலிப்பிலும் கை கால் வெட்டி இழுக்காது. ஒரு நிமிடம் வெறித்துப் பார்ப்பது, உதட்டைச் சப்புவது, கூப்பிட்டால் பதில் இல்லாமல் இருப்பது, பிறகு குழம்பிப்போய்ச் சண்டை போடுவது, இதுவும் வலிப்பாக இருக்கலாம். பைக்கில் விழுந்தது, படகு விளிம்பில் தலை மோதியது போன்றவற்றுக்குப் பிறகு குணம் மாறியிருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கண்ணும் காதும்: கரும்பலகை தெரியாத பிள்ளை, டீச்சர் சொல்வது சரியாகக் கேட்காத பிள்ளை, நாள் முழுக்கத் திட்டு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து வெடிக்கும்.

மாத்திரைகள்: வலிப்பு, வீசிங், ஸ்டீராய்டு மருந்துகளில் சிலவற்றுக்கு எரிச்சலை உண்டாக்கும் பக்கவிளைவு இருக்கிறது. மருந்து தொடங்கிய பிறகு குணம் மாறினால் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

தூக்கம்: யாரும் கணக்கில் எடுக்காத காரணம்

13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் ஹார்மோன் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும். அதனால் பிள்ளைக்கு இயல்பாகவே நேரம் கழித்துத்தான் தூக்கம் வரும். அதோடு போனும் சேர்ந்தால் மணி ஒன்று, இரண்டு.

மீனவர் வீட்டில் இன்னொன்றும் உண்டு. அப்பா விடியலுக்கு முன் படகுக்குக் கிளம்புகிறார். அம்மா ஏலத்துக்கும் சந்தைக்கும் கிளம்புகிறார். ஒரே அறை, விளக்கு எரிகிறது, பாத்திரம் உருள்கிறது. சில பிள்ளைகள் அப்பாவோடு வலைக்கும் போய்விட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார்கள். இப்படித் தினமும் ஐந்து மணி நேரம் தூங்கும் பிள்ளை எரிந்து விழாமல் என்ன செய்யும்? முழு வீட்டையும் மாற்ற வேண்டியதில்லை. பிள்ளை படுக்கும் மூலைக்கு ஒரு திரை, தூங்கப் போகும் முன் எல்லோருடைய போனும் ஒரே இடத்தில் சார்ஜில், ராத்திரி டீ வேண்டாம். பத்து நாள் செய்து பாருங்கள். பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மனதின் காரணங்கள்

மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்றுதான் நினைக்கிறோம். வளரிளம் பிள்ளைகளிடம், முக்கியமாகப் பையன்களிடம், அது எரிச்சலாகவே வெளியே வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்த விளையாட்டும் பிடிக்கவில்லை, சாப்பாடும் தூக்கமும் மாறிவிட்டன, "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்கிறான் என்றால், அந்தக் கோபத்துக்கு அடியில் துக்கம் இருக்கலாம்.

பயமும் கோபமாக மாறும். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் சண்டை என்றால், பள்ளியில் எதற்கோ பயப்படுகிறான். படிக்க, எழுதத் தடுமாறும் கற்றல் குறைபாடு, ஓரிடத்தில் உட்கார முடியாத கவனக்குறைபாடு, ஆட்டிசம் ஆகியவை சின்ன வயதிலேயே கண்டுபிடிக்கப்படாமல் போனால், இந்த வயதில் "அடங்காதவன்" என்ற பட்டம்தான் மிஞ்சும். கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. மருத்துவச் சான்று இருந்தால் 10, 12-ஆம் வகுப்புப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

சின்ன வயதிலிருந்தே வாரம் மூன்று முறையோ அதற்கு மேலோ பெரிய வெடிப்பு, ஒரு வருடத்துக்கும் மேலாக, இடைப்பட்ட நேரத்திலும் எரிச்சல் என்று இருந்தால் அதற்குத் தனியாக ஒரு நோயறிதல் உண்டு. அதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். போனில் தேடி நாமே பெயர் வைக்க வேண்டாம்.

சொல்ல முடியாத ரகசியங்கள்

சில கோபத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்த விஷயம் இருக்கும். உதட்டுக்குள் வைக்கும் புகையிலை, கஞ்சா, மாத்திரை. கிடைக்காத நேரத்தில் எரிச்சல் தலைக்கேறும். இன்னொன்று போன். அம்மாவின் கணக்கிலிருந்து பணம் எடுத்து விளையாட்டில் விட்டிருக்கலாம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. ஆனாலும் ஏமாற்றுபவர்கள் வேறு வழியில் வருவார்கள். அல்லது யாரோ ஒருவன் புகைப்படத்தை வைத்து மிரட்டிக்கொண்டிருக்கலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

யாராவது பிள்ளையிடம் தவறாக நடந்திருக்கவும் கூடும். பெண் பிள்ளைக்கு மட்டும்தான் இது நடக்கும் என்று நினைக்காதீர்கள். பிள்ளை வாய் திறந்தால் "அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

வீட்டு நிலைமையையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் வேலை பார்க்கும் வீடுகளில் கை இறுகும், கடன்காரர் வருவார், குடி கூடும், சண்டை கூடும். ஏரியில் மீன்பாடு குறைந்த மாதங்களிலும் இதே கதைதான். பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறான்.

நாமே கற்றுக்கொடுக்கும் கோபம்

இதைச் சொன்னால் கொஞ்சம் கசக்கும். ஆனாலும் சொல்கிறேன். போனை வாங்கி வைக்கிறோம். பிள்ளை கத்துகிறான். தர மாட்டோம் என்கிறோம். இன்னும் கத்துகிறான், சுவரில் தலையை முட்டுகிறான். "இந்தா, தொலை" என்று கொடுத்துவிடுகிறோம். வீடு அமைதியாகிவிடுகிறது. இதில் பிள்ளை என்ன கற்றுக்கொண்டான்? மெதுவாகக் கேட்டால் கிடைக்காது, சத்தம் போட்டால் கிடைக்கும். நாம் என்ன கற்றுக்கொண்டோம்? கொடுத்துவிட்டால் நிம்மதி. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழக்கத்தை வளர்க்கிறோம்.

அடியும் அப்படித்தான். அடித்தால் அந்த நிமிடம் அடங்குவான். ஆனால் பெரியவர்கள் கோபத்தை எப்படிக் காட்டுவார்கள் என்ற பாடமும் கூடவே போகிறது.

இதை மாற்ற ஒரு வழி. கோபம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து விதியைப் பேசி முடிவு செய்யுங்கள்: போன் எத்தனை மணி வரை, யார் எடுத்து வைப்பது. சொன்ன விதியை அம்மாவும் அப்பாவும் ஒரே மாதிரி நடத்துங்கள். முதல் சில நாள் சத்தம் கூடும். அதைத் தாங்கினால் குறையும். பிள்ளை மெதுவாகக் கேட்ட நாளில் அதைக் கவனித்து, "இன்னைக்கு நல்லாக் கேட்ட" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏரியில் பாடு முறை வைத்து, இன்றைக்கு யார் வலை போடுவது என்று முறை மாற்றிக்கொள்ளத் தெரிந்த ஊர் இது. வீட்டுப் பேச்சிலும் அந்த முறை வரட்டும்: அவன் பேசும்போது நாம் கேட்பது, நாம் பேசும்போது அவன் கேட்பது.

வெடிக்கும் நேரத்தில்

அந்த நேரத்தில் புத்தி சொன்னால் ஏறாது. குரலைத் தாழ்த்துங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள். தம்பி தங்கைகளை அப்புறப்படுத்துங்கள். அரிவாள்மனை, கத்தி, மண்ணெண்ணெய் போன்றவற்றைக் கைக்கு எட்டாமல் நகர்த்துங்கள். வழியை மறித்து நிற்காதீர்கள். "இப்ப பேச வேணாம், கொஞ்சம் கழிச்சுப் பேசலாம், நான் இங்கதான் இருக்கேன்" என்பது போதும்.

கட்டிப் போடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்த தீவிபத்தில், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் போனார்கள். 28 பேர் இறந்தார்கள். மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

கோயிலுக்குப் போங்கள். தர்காவில் ஓதிக்கொள்ளுங்கள். மாதா கோயிலில் ஜெபியுங்கள். அது மனதுக்குத் தெம்பு. ஆனால் அதற்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

இரண்டு வாரக் குறிப்பு

இப்போது உங்கள் போனை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்துவோம். குறிப்பு எழுதும் இடத்தைத் திறங்கள். எழுத வராதா, வாய்ஸ் ரெக்கார்டரில் பேசி வையுங்கள். ஒவ்வொரு வெடிப்புக்கும் இவ்வளவுதான்:

நாள், நேரம். அதற்கு முன்னால் என்ன நடந்தது? பிள்ளை என்ன செய்தான், எவ்வளவு நேரம்? அதற்குப் பிறகு நாம் என்ன செய்தோம்? அன்று எத்தனை மணி நேரம் தூங்கினான், எப்போது சாப்பிட்டான்? பெண் பிள்ளை என்றால் மாதவிலக்கு நாள். புதிதாக ஏதாவது மாத்திரை?

இரண்டு வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரியும். "எப்பவும் கத்துறான்" என்று சொன்ன ஒரு அம்மா குறித்துப் பார்த்தபோது, பெரும்பாலான சண்டை மதியம் சாப்பிடாமல் பள்ளியிலிருந்து வந்த நாட்களில்தான் என்று தெரிந்தது. மதியம் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டபோதுதான், மீன் நாற்றம் என்று வகுப்பில் கேலி செய்கிறார்கள், சாப்பாட்டு நேரத்தில் யாரும் கூட உட்காருவதில்லை என்ற கதை வந்தது. ஒரு குறிப்புதான் அந்தக் கதவைத் திறந்தது.

வலிப்பு மாதிரி சந்தேகம் இருந்தால், பாதுகாப்பாக இருக்கும்போது ஒரு நிமிட வீடியோ எடுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி. அதை மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள். வாட்ஸ்அப் குரூப்பிலோ ஸ்டேட்டஸிலோ போடாதீர்கள். அது உங்கள் பிள்ளையின் மானம்.

எங்கே போவது?

முதல் படி, உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். "பையன் கோவப்படுறான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். குறிப்பைக் காட்டி, எடை, ஹீமோகுளோபின், சர்க்கரை, தேவைப்பட்டால் தைராய்டு பார்க்கலாமா என்று கேளுங்கள். அடுத்த படி, பொன்னேரி அரசு மருத்துவமனை. அதற்கும் மேலே திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னையில் ஸ்டான்லி, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவை எங்கே, எந்த நாளில் கிடைக்கும் என்று முதலில் விசாரித்துவிட்டுக் கிளம்பினால் ஒரு நாள் கூலி மிச்சம்.

அரசுப் பள்ளிகளுக்கு வரும் சிறார் நலப் பரிசோதனைக் குழு, 18 வயது வரை உள்ள பிள்ளைகளின் குறைபாடுகளைப் பார்த்து மேல் சிகிச்சைக்கு அனுப்பும். வரும் நாளை வகுப்பாசிரியரிடம் கேட்டு வையுங்கள்.

போன் வழியாக: 14416, டெலி மானஸ். 2022-இல் தொடங்கிய இலவச மனநல ஆலோசனை. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் இதை "நட்புடன் உங்களோடு" என்ற பெயரிலும் அறிவீர்கள். பிள்ளையே நேரடியாக அழைக்கலாம். பொது மருத்துவ ஆலோசனைக்கு 104. கல்வி, தேர்வு தொடர்பான கவலைக்கு 14417. வீட்டிலிருந்தபடி மருத்துவரிடம் காணொளியில் பேச இ-சஞ்சீவனி. இந்த எண்களை இப்போதே போனில் சேமித்து, பிள்ளையின் போனிலும் ஏற்றுங்கள்.

இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாத நேரம்

"செத்துப் போறேன்" என்று சொன்னால், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால், பிரியமான பொருளையெல்லாம் எடுத்துக் கொடுத்தால், அது "சும்மா மிரட்டல்" என்று விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டுங்கள். 14416-க்கு அழையுங்கள், அல்லது நேரே மருத்துவமனை.

யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது என்றால், நாள் கணக்காகத் தூங்காமலும் சோர்வே இல்லாமல் பேசிக்கொண்டே இருந்தால், ஆயுதம் எடுத்தால், காய்ச்சலோடு பிதற்றினால், தலையில் அடிபட்ட பின் வாந்தியும் குழப்பமும் இருந்தால், வலிப்பு நிற்காமல் வந்தால், 108-ஐக் கூப்பிடுங்கள். ராத்திரி என்று பார்க்க வேண்டாம், ஊர் என்ன சொல்லும் என்றும் பார்க்க வேண்டாம்.

முதலில் சொன்ன அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு அவன் என்னிடம் சொன்னான்: "மேடம், கத்தும்போது எனக்கே பயமா இருக்கும். நிறுத்தத் தெரியாது. யாரும் என்னாச்சுடான்னு கேக்கல."

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள். சண்டை நேரத்தில் வேண்டாம். சாப்பிட்ட பிறகு, திண்ணையில், படகடியில், எங்கே அவன் கொஞ்சம் இளகி இருக்கிறானோ அங்கே. "என்னாச்சுப்பா? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? தூக்கம் வருதா? யாராவது ஏதாவது சொல்றாங்களா?" பதில் உடனே வராமல் போகலாம். மறுநாளும் கேளுங்கள். அதற்குள் குறிப்பையும் எழுதத் தொடங்கிவிடுங்கள்.